இளம்பெண்ணா, கன்னியா? ஒரு சொல்லின் நீண்ட வழக்கு

தமிழ் வீடுகளில் இன்று அதிகம் புழங்கும் பைபிள்கள் இரண்டு. ஒன்று, சீர்திருத்தச் சபையார் வீடுகளில் கறுப்பு அட்டையோடு இருக்கும் பழைய மொழிபெயர்ப்பு. ஹென்றி பவர் தலைமையில் திருத்தப்பட்டு 1871இல் வந்த பதிப்புதான் அதற்கு அடிப்படை. மற்றது 1995இல் திண்டிவனத்திலிருந்து வெளிவந்த ‘திருவிவிலியம்’. கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையாரும் சேர்ந்து செய்த பொது மொழிபெயர்ப்பு அது.

இரண்டும் கையில் கிடைத்தால் ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். ஏசாயா புத்தகத்தில் 7ஆம் அதிகாரம் 14ஆம் வசனத்தை எடுங்கள். ஒரு பிள்ளை பிறக்கப் போகிறது, அதற்கு இம்மானுவேல் என்று பெயர் என்று தீர்க்கதரிசி சொல்லும் இடம். பழைய மொழிபெயர்ப்பில் அந்தப் பிள்ளையின் தாய் ‘கன்னிகை’. திருவிவிலியத்தில் ‘இளம்பெண்’.

இப்போது மத்தேயு முதல் அதிகாரம் 23ஆம் வசனத்துக்கு வாருங்கள். அதே ஏசாயா வசனத்தைத்தான் மத்தேயு மேற்கோள் காட்டுகிறார். இங்கே இரண்டு பைபிள்களும் ஒத்துப் போகின்றன. ஒன்றில் ‘கன்னிகை’, மற்றதில் ‘கன்னி’. அப்படியானால், திருவிவிலியத்தைப் படிக்கும் ஒருவர் மேற்கோளைப் படித்துவிட்டு மூலத்தைத் தேடிப் போனால் அங்கே வேறு சொல் இருக்கும். இது அச்சுப் பிழை அல்ல. மொழிபெயர்த்தவர்கள் தெரிந்தே செய்தது. அதற்குப் பின்னால் இரண்டாயிரம் வருஷத்து வழக்கு ஒன்று இருக்கிறது.

இந்தப் பக்கத்தை வழக்கமாகப் படிக்கும் நண்பர்கள், பீங்கான் சூளையிலிருந்து நேரே ஏசாயாவுக்கா என்று சிரிக்கலாம். ஓய்வு பெற்றவனுக்குப் பாடத்திட்டம் கிடையாது. நான் கிறிஸ்தவனும் அல்லன், யூதனும் அல்லன். ஆனால் பழைய நூல்களை மேற்கோள் காட்டிச் சண்டை போடுவதில் நம் ஊரும் யாருக்கும் இளைத்ததல்ல என்பதால், இந்த வழக்கு எனக்கு அந்நியமாகவே தோன்றவில்லை.

ஆகாஸ் ராஜாவுக்குச் சொன்னது

முதலில் ஏசாயா சொன்ன சந்தர்ப்பத்தைப் பார்க்கலாம். கி.மு. 734 வாக்கில் யூதா நாட்டின் ராஜா ஆகாஸ். வடக்கே சிரியாவின் ராஜாவும் இஸ்ரவேலின் ராஜாவும் கூட்டுச் சேர்ந்து எருசலேம் மேல் படையெடுத்து வருகிறார்கள். ஆகாஸ் நடுங்கிப் போயிருக்கிறான். அவனிடம் ஏசாயா சொல்வதன் சாரம் இதுதான்: ஒரு பெண்ணுக்குப் பிள்ளை பிறக்கும், அந்தப் பிள்ளைக்கு நல்லது கெட்டது தெரியும் வயசு வருவதற்குள் உன்னைப் பயமுறுத்தும் அந்த இரண்டு ராஜாக்களின் நாடும் பாழாகிவிடும். கி.மு. 732இல் அசீரியர்கள் டமாஸ்கஸைப் பிடித்தார்கள். கெடு ஏறக்குறைய சரியாகவே இருந்தது.

எபிரேய மூலத்தில் அந்தப் பெண்ணைக் குறிக்கும் சொல் ‘அல்மா’. மணவயது வந்த இளம்பெண் என்று பொருள். கன்னி என்றே அழுத்திச் சொல்ல ‘பெத்துலா’ என்ற சொல் அந்த மொழியில் தனியாக இருக்கிறது. ஏசாயா அதைப் பயன்படுத்தவில்லை.

பிறகு யூதர்கள் பலரும் எகிப்தின் அலெக்சாண்டிரியா போன்ற ஊர்களில் குடியேறி, கிரேக்கம் பேசத் தொடங்கினார்கள். பிள்ளைகளுக்கு எபிரேயம் மறந்துபோனது. அவர்களுக்காக கி.மு. 3ஆம் நூற்றாண்டில் தொடங்கி வேதம் கிரேக்கத்தில் பெயர்க்கப்பட்டது. எழுபத்திரண்டு பெரியவர்கள் சேர்ந்து பெயர்த்தார்கள் என்ற கதையால் அதற்கு எழுபதின்மர் மொழிபெயர்ப்பு என்று பெயர் வந்தது. அதில் ‘அல்மா’ என்ற இடத்தில் ‘பார்த்தெனோஸ்’ என்று போட்டார்கள். வழக்கமாக அதற்குக் கன்னி என்று பொருள். ஆனால் அதே கிரேக்க ஆதியாகமத்தில், பலாத்காரத்துக்கு ஆளான பிறகும் யாக்கோபின் மகள் தீனாளை அந்தச் சொல்லாலேயே சொல்லியிருக்கிறார்கள். அந்தச் சொல்லும் கொஞ்சம் நெகிழ்வானதுதான்.

மத்தேயு எழுதியது கிரேக்கத்தில். அவர் கண்ணுக்கு முன்னால் இருந்தது ‘பார்த்தெனோஸ்’. இயேசுவின் பிறப்பைச் சொல்லும்போது அந்த வசனத்தை எடுத்து, இது நிறைவேறும்படிக்கே இப்படி நடந்தது என்று எழுதினார். இந்த ‘நிறைவேறும்படி’ அவருடைய நூலில் அடிக்கடி வரும்.

அது ஏமாற்று வேலையா?

இந்த இடத்தில் சிலர் அவசரப்பட்டு, மத்தேயு மேற்கோளைத் திரித்துவிட்டார் என்று தீர்ப்புச் சொல்வார்கள். அது சரியில்லை என்பது என் எண்ணம். அவருடைய இன்னொரு மேற்கோளையும் பாருங்கள். குழந்தை இயேசு எகிப்துக்குப் போய்த் திரும்பியதைச் சொல்லும்போது, எகிப்திலிருந்து என் மகனை அழைத்தேன் என்ற பொருளில் ஓசியா தீர்க்கதரிசி சொன்னதை எடுக்கிறார். ஓசியாவில் அது வருங்காலம் பற்றிய பேச்சே இல்லை. மோசே காலத்தில் இஸ்ரவேல் மக்கள் எகிப்திலிருந்து வந்த பழங்கதை அது; ‘மகன்’ என்றால் அங்கே ஒரு முழு ஜனம். மத்தேயுவுக்கு இது தெரியாமல் இருந்திருக்காது. முன்பு ஜனத்துக்கு நடந்தது இப்போது ஒருவருக்கு மறுபடி நடக்கிறது என்பதே அவர் வாசிப்பு.

இப்படி வாசித்தவர் அவர் மட்டும் அல்ல. 1947 முதல் சாக்கடல் கரையில் கும்ரான் குகைகளில் கிடைத்த சுருள்களில் ஆபகூக் தீர்க்கதரிசி நூலுக்கு ஓர் உரை இருக்கிறது. ஆபகூக் பேசுவது கல்தேயரைப் பற்றி. உரைக்காரர் ஒவ்வொரு வரியையும் எடுத்து, இது தம் காலத்து ரோமரைப் பற்றியது, இது தங்கள் குருவைப் பற்றியது என்று பொருள் சொல்லிக்கொண்டே போகிறார். அவரும் யூதர், மத்தேயுவும் யூதர், பவுலும் யூதர். பழைய வசனத்தை இன்றைய நடப்புக்குப் பொருத்திப் படிப்பது அந்தக் குடும்பத்தின் பழக்கம்.

கிழத்தியும் கிழவியும்

எங்கள் ஊர்க் கதை ஒன்றைச் சொன்னால் இது இன்னும் எளிதாக விளங்கும். விருத்தாசலத்துக்குப் பழைய பெயர் திருமுதுகுன்றம். பழமலை என்றும் சொல்வார்கள். முது, பழ என்பதை வடமொழியில் ‘விருத்த’ என்று ஆக்கியதால் விருத்தாசலம். ஊர்ப் பெயரே ஒரு மொழிபெயர்ப்பு.

குரு நமசிவாயர் திருவண்ணாமலையிலிருந்து சிதம்பரம் போகும் வழியில் இங்கே தங்கினார். பசி. பெரியநாயகி அம்மனைப் பார்த்துச் சோறு கேட்டு ஒரு வெண்பா பாடினார். அதில் ‘கிழத்தி’ என்ற சொல்லைத் திரும்பத் திரும்ப வைத்தார். கிழத்தி என்றால் உரிமை உடையவள், தலைவி. தொல்காப்பியத்தில் அகப்பாட்டுத் தலைவிக்கே அதுதான் பெயர். ஆனால் அம்மன் ஒரு பாட்டியாக வந்து நின்று, என்னைக் கிழவி என்று பாடுகிறாயே, கிழவி எப்படிச் சோறு சுமந்து வருவாள் என்று கேட்டாளாம். நமசிவாயர் உடனே அவளை இளமையாக வைத்துப் பாட, சிறு பெண்ணாகச் சோறு கொண்டு வந்தாள். அதனால்தான் கோயிலில் பெரியநாயகியோடு இளையநாயகியும் இருக்கிறாள் என்பார்கள்.

புலவர் ஒரு பொருளில் சொன்னார், கேட்டவள் வேறு பொருளில் எடுத்துக்கொண்டாள். அந்த இரண்டாவது பொருளிலிருந்து ஊருக்கு ஒரு கதையும் ஒரு சன்னதியும் கிடைத்தன. இதில் நஷ்டப்பட்டவர் எவரும் இல்லை. பாடியவரும் கேட்டவர்களும் ஒரே கோயிலைச் சேர்ந்தவர்கள். கிறிஸ்தவத்தின் முதல் தலைமுறையிலும் நிலைமை ஏறக்குறைய இப்படித்தான். அவர்களும் ஒரே வீட்டுக்குள்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

மொழி மாறியபோது

அடுத்த தலைமுறையில் கிரேக்கம் மட்டுமே தெரிந்தவர்கள் அதிகமானார்கள். இதன் விளைவை நம் தமிழ் பைபிளிலேயே பார்க்கலாம். சங்கீதம் 40இல் பாடுபவர் கடவுளிடம், நீர் பலியை விரும்பவில்லை, என் செவிகளைத் திறந்தீர் என்கிறார். சொன்னதைக் கேட்டு நடப்பதே பலியைவிட மேல் என்பது கருத்து. எபிரெயருக்கு எழுதிய நிருபம் 10ஆம் அதிகாரத்தில் இதே சங்கீதம் மேற்கோளாக வருகிறது. அங்கே செவிகள் இல்லை, ‘சரீரம்’ இருக்கிறது. கிரேக்க மொழிபெயர்ப்பில் அப்படி இருந்ததை நிருபத்தை எழுதியவர் எடுத்துக்கொண்டார். இயேசு தம் சரீரத்தையே பலியாகக் கொடுத்தார் என்ற அவருடைய வாதம் முழுக்க அந்த ஒரு சொல்லின் மேல் நிற்கிறது.

‘பர்னபாவின் நிருபம்’ என்று ஒரு பழைய நூல் உண்டு. பைபிளில் சேராமல் போனது. ஆபிரகாம் 318 ஆட்களோடு சண்டைக்குப் போனான் என்று ஆதியாகமத்தில் வருகிறது அல்லவா? கிரேக்கத்தில் எழுத்துகளே எண்கள், நம் பழைய தமிழ் எண்களில் க என்றால் 1, உ என்றால் 2 என்பது போல. 300க்கு உரிய எழுத்து ‘டௌ’, பார்க்கச் சிலுவை மாதிரி இருக்கும். 10க்கும் 8க்கும் உரிய எழுத்துகள் இயேசு என்ற கிரேக்கப் பெயரின் முதல் இரண்டு எழுத்துகள். ஆகவே ஆபிரகாம் காலத்திலேயே சிலுவையும் இயேசுவும் குறிக்கப்பட்டுவிட்டன என்கிறார் அந்த ஆசிரியர். கெட்டிக்காரத்தனமான வாசிப்புதான். ஆனால் கிரேக்க எழுத்தில் மட்டுமே அந்தக் கணக்கு வரும். ஆதியாகமம் எழுதப்பட்ட எபிரேயத்தில் வராது.

“உங்கள் நூல் அல்ல, எங்கள் நூல்”

வழக்கு முற்றியது 2ஆம் நூற்றாண்டில். யஸ்டின் என்ற கிறிஸ்தவத் தத்துவவாதி, பாலஸ்தீனத்தில் இன்றைய நாப்ளஸ் ஊரில் பிறந்தவர். திரிபோ என்ற யூதரோடு உரையாடுவதாக 155–160 வாக்கில் ஒரு நூல் எழுதினார். அதில் திரிபோ நேராகவே விஷயத்துக்கு வருகிறார். ஏசாயாவில் இருப்பது இளம்பெண்தான், கன்னி அல்ல. அந்தப் பிள்ளை எசேக்கியா ராஜா என்கிறார். யஸ்டின் ஒத்துக்கொள்ளவில்லை. இளம்பெண் பிள்ளை பெறுவதில் என்ன அடையாளம் இருக்கிறது என்று கேட்கிறார். அதுவரை அது நியாயமான விவாதம்.

ஆனால் அந்த நூலில் இன்னும் இரண்டு விஷயங்கள் உண்டு. இந்த வேதங்கள் இனி உங்களுடையவை அல்ல, எங்களுடையவை. நீங்கள் படிக்கிறீர்கள், ஆனால் உங்களுக்குப் புரிவதில்லை என்ற பொருளில் யஸ்டின் சொல்வது ஒன்று. யூதர்கள் தங்கள் பிரதியிலிருந்து சில வரிகளை வெட்டிவிட்டார்கள் என்ற குற்றச்சாட்டு மற்றொன்று. உதாரணத்துக்கு, 96ஆம் சங்கீதத்தில் கர்த்தர் ‘மரத்திலிருந்து’ அரசாளுகிறார் என்று இருந்ததாம். சிலுவையைக் குறிக்கிறது என்று யூதர்கள் அதை நீக்கிவிட்டார்களாம். உண்மையில் அந்தச் சொல் எபிரேயத்தில் இல்லை. கிறிஸ்தவர் கையில் ஒட்டிக்கொண்ட சேர்க்கை அது. சொந்தக்காரன் வீட்டில் இல்லாத பொருளைக் காட்டி, நீதான் திருடினாய் என்பது போல ஆயிற்று.

யஸ்டின் வேண்டுமென்றே பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. அவர் வைத்திருந்த பிரதியில் அப்படி இருந்திருக்கும். எபிரேயம் தெரிந்திருந்தால் ஒத்துப் பார்த்திருப்பார்.

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். 144 வாக்கில் ரோமில் மார்க்கியோன் என்பவர், எபிரேய வேதமே நமக்கு வேண்டாம், அந்தக் கடவுள் வேறு நம் கடவுள் வேறு என்று கிளம்பினார். சபை அவரை வெளியேற்றியது. பழைய ஏற்பாடு இன்று கிறிஸ்தவர் கையில் இருப்பதற்கு, அன்று அதை மறுவாசிப்புச் செய்தாவது வைத்துக்கொண்டவர்கள்தான் காரணம். அந்த மறுவாசிப்பால் நூல் காப்பாற்றப்பட்டது. நூலுக்கு முதலில் உரியவர்கள்தான் அதிலிருந்து தள்ளி வைக்கப்பட்டார்கள்.

ஆமணக்குச் செடிக்கு வந்த கலகம்

எல்லாரும் யஸ்டின் வழியில் போகவில்லை. 3ஆம் நூற்றாண்டில் ஓரிஜன், எபிரேயத்தையும் கிரேக்க மொழிபெயர்ப்புகளையும் ஆறு பத்திகளாகப் பக்கத்தில் பக்கத்தில் எழுதி ஒரு மாபெரும் நூல் செய்தார். அதில் அக்குயிலா என்பவரின் யூத மொழிபெயர்ப்பும் ஒரு பத்தி. அவர் ஏசாயாவில் ‘பார்த்தெனோஸ்’ போடாமல் இளம்பெண் என்று பொருள்படும் சொல்லைப் போட்டிருந்தார். கிறிஸ்தவ அறிஞர் ஒருவர் எதிர்த்தரப்பின் சொல்லையும் அழிக்காமல் எழுதி வைத்தது பெரிய காரியம்.

அடுத்து ஜெரோம். பெத்லகேமில் இருந்துகொண்டு யூத ஆசிரியர்களிடம் எபிரேயம் படித்து, வேதத்தை நேரே லத்தீனுக்குக் கொண்டுவந்தார். யோனாவின் தலைக்கு நிழல் தந்த செடி பழைய மொழிபெயர்ப்பில் சுரைக்கொடி. ஜெரோம் அதை ஒரு படர்கொடியின் பெயராக மாற்றினார். வட ஆப்பிரிக்காவில் இன்றைய திரிப்பொலியில் பிஷப் இதை வாசித்ததும் சபையில் பெரிய கலகம். 403இல் அகஸ்டின் ஜெரோமுக்கு எழுதிய கடிதத்தில் இது இருக்கிறது. சண்டை தீர பிஷப் என்ன செய்தார் தெரியுமா? ஊரில் இருந்த யூதர்களிடம் போய் மூலத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டார். அவர்கள் பழைய மொழிபெயர்ப்பே சரி என்றார்களாம். பிஷப் சபையைத் தக்க வைத்துக்கொள்ளத் தம் வாசிப்பை மாற்றிக்கொண்டார்.

அந்தச் செடி நம் பழைய தமிழ் பைபிளில் ஆமணக்கு. ஜெரோம் தம் உரையில் அந்தச் செடியை வர்ணிப்பதைப் பார்த்தால், அகன்ற இலை, சீக்கிரம் வளரும் தன்மை, எல்லாம் ஆமணக்கோடு பொருந்துகிறது. லத்தீனில் அதற்குப் பெயர் கிடைக்காமல் அவர் திண்டாடினார். அது நமக்குக் கொல்லையிலேயே நிற்கிறது.

நமக்கு என்ன?

பழைய சொற்சண்டைதானே என்று விட்டுவிட முடியாதபடி அதன் பின்விளைவு இருந்தது. வேதம் உங்களுக்குப் புரியாது என்ற பேச்சு, கிறிஸ்தவம் அரசாங்க மதமான பிறகு அதிகாரத்தோடு சேர்ந்துகொண்டது. 1240இல் பாரிஸில் யூதர்களின் தல்மூத் நூலின் மேல் விசாரணை நடந்தது. 1242இல் வண்டி வண்டியாகச் சுவடிகளை எரித்தார்கள். 1263இல் பார்சிலோனாவில் நாக்மனிடஸ் என்ற யூத அறிஞரை ராஜா முன்னிலையில் வாதாட வைத்தார்கள். நன்றாகவே வாதாடினார், ஆனால் பிறகு நாட்டை விட்டுப் போக வேண்டியதாயிற்று. இயேசுவின் மரணப் பழியை யூத இனம் முழுவதன் மேலும் சுமத்தக் கூடாது என்று கத்தோலிக்கத் திருச்சபை அதிகாரபூர்வமாக அறிவித்தது 1965இல்தான்.

நம் ஊரில் இதற்கு இணையாக எனக்குத் தோன்றுவது திருக்குறள். கடவுள் வாழ்த்தில் மலர்மேல் நடந்தவனைப் பற்றி வரும் குறளைச் சமணர் அருகனுக்கு உரியது என்பார்கள். பரிமேலழகர் வேறு விதமாகப் பொருள் சொன்னார். 1886இல் குறளை ஆங்கிலத்தில் பெயர்த்த ஜி.யு. போப், வள்ளுவர் மயிலாப்பூர்க் கடற்கரையில் கிறிஸ்தவ ஆசிரியர்களோடு உலவியிருப்பார் என்று கற்பனை செய்தார். பின்னால் தெய்வநாயகம் ‘திருவள்ளுவர் கிறித்தவரா?’ என்று புத்தகமே எழுதினார். மறுப்புகளும் கோபமும் நிறைய வந்தன.

அந்தக் கோபத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். குறளுக்கு எங்கள் நோக்கில் இப்படியும் ஒரு பொருள் தெரிகிறது என்று ஒருவர் சொன்னால் உட்கார்ந்து கேட்போம். குறள் எங்களுடையது, உங்களுக்குப் புரியவில்லை, நடுவில் சில பாட்டை நீங்களே எடுத்துவிட்டீர்கள் என்று சொன்னால்? திரிபோ பக்கத்து யூதர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்பது அப்போது தெரியும்.

புதிய பொருள் காண்பதை யாராலும் தடுக்க முடியாது, தடுக்கவும் வேண்டாம். பழைய நூல் உயிரோடு இருப்பதே அதனால்தான். ஆனால் புதிய பொருளுக்கு இடம் பண்ண முதல் பொருளை அழிக்க வேண்டியதில்லை. அந்தப் பொருளோடு இன்றும் அந்த நூலைப் படிக்கிறவர்களை அறிவிலிகள் என்று சொல்ல வேண்டியதும் இல்லை.

திண்டிவனத்துப் பதிப்பின் மொழிபெயர்ப்பாளர்கள் செய்தது எனக்குப் பிடித்திருப்பது இதனால்தான். அது சுலபமான முடிவு அல்ல. 1952இல் அமெரிக்காவில் ஒரு புதிய ஆங்கில பைபிள் ஏசாயாவில் ‘இளம்பெண்’ என்று போட்டதற்காக, ஒரு போதகர் அந்தப் பக்கத்தைக் கிழித்து எரித்தார். அப்படியிருந்தும் இவர்கள் ஏசாயாவுக்கு ஏசாயாவின் சொல்லையும், மத்தேயுவுக்கு மத்தேயுவின் சொல்லையும் கொடுத்தார்கள். விசுவாசி கன்னியை மத்தேயுவில் காணலாம். ஆகாஸ் ராஜா காலத்து இளம்பெண்ணும் அவளுடைய இடத்திலேயே இருக்கிறாள். இரண்டு பக்கத்தையும் புரட்டிப் பார்க்கிறவருக்கு ஒரு கேள்வி எழும். அந்தக் கேள்வியை மூடி மறைக்காமல் விட்டதற்காகவே அவர்களுக்கு ஒரு கும்பிடு போடலாம்.